அப்பத்தா மூக்குத்திக்கு ஒரு கட்டம்

மொதல் படத்துல அப்பத்தாவுக்கு மூக்குத்தி இல்ல. நான் மறந்துடல, வேணும்னு விடவும் இல்ல. பழைய கல்யாண ஆல்பத்துல இருந்த போட்டோவை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல மொசைக் ஃபில்டரைத் தட்டி, அகலத்துக்கு 24 கட்டம் உயரத்துக்கு 32 கட்டம்னு சுருக்கி, அதைக் கலர் பிரிண்ட் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஏ3 தாள்ல ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டரா கட்டம் போட்டு, போஸ்டர் கலரால ஒவ்வொண்ணா நிரப்புனேன். 768 கட்டம். பதினோரு ராத்திரி. முடிச்சு செவுத்துல சாய்ச்சு வச்சுட்டு பெருமையா நிக்கிறேன், அம்மா ஈரக்கையைத் தொடச்சுக்கிட்டே வந்து பாத்துட்டு, "யாருடி இது, அப்பாவோட சித்தப்பாவா?"ன்னு கேட்டாங்க.

அப்பத்தாங்கிறது எங்க வீட்டுல ஒரு முகம் கூட இல்ல, ரெண்டு நகை. காதுல தண்டட்டி, மூக்குல ஒத்தக்கல் மூக்குத்தி. அந்தக் கல்யாண போட்டோல ஃபிளாஷ் சரியா மூக்குத்தியில பட்டு ஒரு பொட்டு வெளிச்சம் தெறிக்கும், அதுதான் அந்தப் போட்டோவே. அது எப்படி காணாம போகும்?

உக்காந்து பிரிண்டையும் போட்டோவையும் மாத்தி மாத்திப் பாத்தப்பதான் வெளங்குச்சு. ஃபில்டர் என்ன பண்ணுதுன்னா, ஒரு கட்டத்துக்குள்ள என்னென்ன கலர் விழுதோ எல்லாத்தையும் கூட்டி வகுத்து ஒரு கலர் குடுத்துருது. மூக்குத்தி ஒரு கட்டத்துல கால்வாசி கூட இல்ல. முக்கால்வாசி மாநிறத் தோலு, கால்வாசி வெள்ளை, கூட்டி வகுத்தா கொஞ்சம் வெளுத்த மாநிறம். அவ்ளோதான், ஆளு காலி. கண்ணுக்கும் அதே கதி, வெள்ளையும் கருப்பும் மையும் சேந்து ஒரு சேத்துக் கலர். தண்டட்டி மட்டும் தப்பிச்சுச்சு, ஏன்னா அது ரெண்டு கட்ட அகலம், அதுவும் இல்லாம தண்டட்டியே உருண்டையும் சதுரமும் பட்டையுமா சேத்து வச்ச நகைதான, கட்டம் போட்டு வரையிறதுக்குன்னே ஆசாரி செஞ்ச மாதிரி இருக்கும். தண்டட்டி போட்ட, மூக்குத்தி இல்லாத, கண்ணு கலங்கின ஒரு உருவம். சித்தப்பான்னு அம்மா சொன்னதுல தப்பே இல்ல.

இதை ஏன் ஆரம்பிச்சேன்னு சொல்லிடுறேன். நான் பொழப்புக்குக் குழந்தைங்க புக்குக்குப் படம் போடுறவ. எல்லாம் டேப்லெட்லதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பதிப்பகத்துலேர்ந்து ஒரு கதை வந்துச்சு, பையன் ஒருத்தன் வீடியோ கேமுக்குள்ள போயிடுறான், அதனால படம் பூரா பிக்சல் ஸ்டைல்ல, அதாவது பழைய கேம் மாதிரி ஒரே கலர் குட்டிக் கட்டங்களா வேணும்னாங்க. நானும் பதினாறு பக்கத்துக்கு ரஃப் போட்டு அனுப்புனேன். அப்புறம் கதையவே நிறுத்திட்டோம்னு ஒரு மெயில், காசும் வரல, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு, விட்டுட்டேன். ஆனா அந்த ரஃப்புல ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. டேப்லெட்ல பிக்சல் வரையிறது ரொம்ப லேசு. தட்டுனா கட்டம், பிடிக்கலைன்னா அண்டூ. ஒரு கட்டத்தை நாப்பது தடவை மாத்தலாம், மாத்துவேன், கடைசியில எது நல்லா இருந்துச்சுன்னே தெரியாம போயிடும். தாள்ல பிரஷ்ஷால போட்டா என்ன ஆகும்னு ஒரு வீம்பு.

இன்னொண்ணும் உண்டு. எங்க தெருவுல ஒரே ஒரு வீட்டுலதான் டிவில மாட்டுற கேசட் கேம் இருந்துச்சு, அரை மணி நேரத்துக்கு ஒரு ரூபான்னு அந்த அண்ணன் வசூல் பண்ணுவாரு. எனக்கு வெளையாட வராது, நான் காசு குடுத்துட்டு அடுத்தவங்க வெளையாடுறதைப் பாத்துக்கிட்டு இருப்பேன். செங்கல்லும் மேகமும் கட்டம் கட்டமா நகர்றதைப் பாக்குறதே போதும். அந்த மேகத்தையும் கீழ இருக்குற புதரையும் உத்துப் பாத்தா ரெண்டும் ஒரே உருவம், கலர் மட்டும் வேற. அதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, இப்பவும் ஞாபகம் இருக்கு.

அந்த கேமோட ஹீரோ மரியோவையே எடுத்துக்கங்க. 1981ல டாங்கி காங் கேம்ல மொதல்ல வந்த ஆளு. அவருக்கு ஏன் மீசைன்னா, அத்தனை கொஞ்சம் கட்டத்துல வாய் வரைய எடம் இல்ல, பெரிய மூக்கு வச்சு அதுக்குக் கீழ மீசை வச்சா முகம்னு தெரியும். முடி வரையிறதும் அது அசையிறதும் கஷ்டம்னு தொப்பி. கை வீசுறது தெரியணுமேன்னு சட்டைக்கு ஒரு கலர், அதுக்கு மேல மாட்டுற ஓவரால் உடுப்புக்கு ஒரு கலர். வரைஞ்ச மியாமோட்டோவே இதைப் பல தடவை சொல்லிருக்காரு. இதுல என்ன கவனிக்கணும்னா, அவரு ஒரு நெஜ ஆளோட போட்டோவ எடுத்துச் சுருக்கல. சுருக்கியிருந்தா மீசையும் வந்திருக்காது மரியோவும் வந்திருக்க மாட்டாரு. கையில இருக்கறது இத்தனை கட்டம், இதுல எதைச் சொல்லணும், எதை விடணும்னு ஒரு ஆள் உக்காந்து முடிவு பண்ணிருக்காரு. ஃபில்டர் சராசரி எடுக்கும், முடிவெடுக்காது. நான் பதினோரு ராத்திரி உக்காந்து ஒரு மெஷினோட சராசரியைக் கலர் அடிச்சிருக்கேன், அவ்ளோதான் நடந்துச்சு.

சரி, மறுபடி ஆரம்பிப்போம்னு ஸ்டேஷனரி கடையில பசங்க கணக்குக்கு வாங்குற கிராஃப் ஷீட் வாங்கிட்டு வந்தேன். இந்தத் தடவை கம்ப்யூட்டரே கெடையாது. போட்டோ ஒரு பக்கம், கிராஃப் ஷீட் ஒரு பக்கம், பென்சில், ரப்பர். 1984ல வந்த மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர் ஐகான் எல்லாம் வரைஞ்ச சூசன் கேர் இப்படித்தான் தொடங்கியிருக்காங்க, வரையிறதுக்கான சாஃப்ட்வேர் வர்றதுக்கு முன்னாடியே கிராஃப் நோட்டு வாங்கி, 32க்கு 32, அதாவது 1024 கட்டம், கட்டத்தை நிரப்பினா ஆன், விட்டா ஆஃப். அந்த நோட்டுப் பக்கங்க இப்போ நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல இருக்கு. மொசைக்கும் ஊசி வேலையும் தெரிஞ்சதால இது தனக்குப் புதுசா தெரியலன்னு அவங்க சொன்னதைப் படிச்சப்ப எனக்கு எங்க ஹால்ல மாட்டிருக்குற கிளிதான் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கிளி கதையக் கடைசியில சொல்றேன்.

பென்சில்ல மொதல்ல வச்சது மூக்குத்தி. ஒரு முழு கட்டம், வெள்ளை. அளவுப்படி பாத்தா அது அநியாயம், முகத்தோட ஒப்பிட்டா மூக்குத்தி ஒரு எலுமிச்சம்பழ சைஸ் ஆயிடும். ஆனா அதை வச்சதும் மத்ததெல்லாம் அதைச் சுத்தி எடம் தேடிக்கிச்சு. மூக்கு நுனிக்கு ஒரு கட்டம் இருட்டு, அப்புறம் கன்னம். கண்ணுக்கு அகலத்துல மூணு கட்டம்தான் மிச்சம், வெள்ளை கருப்பு வெள்ளைன்னு வச்சா முழிக்கிற மாதிரி இருந்துச்சு, அப்பத்தா ஒருநாளும் அப்படி முழிச்சது இல்ல, எப்பவும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு யாருடா அதுன்னு பாக்குற ஆளு, அதனால வெள்ளையே வேணாம்னு கருப்பு ரெண்டு, அதுக்குக் கீழ பழுப்பு ரெண்டுன்னு வச்சேன். சரியா வந்துச்சு. வாய்க்கு ஒரு வரிசை, வெத்தலைச் செவப்பு, நாலு கட்டம். அதுல ஒரு ஓரத்தை ஒரு கட்டம் மேல ஏத்தினா சிரிக்கிறாங்க, கீழ எறக்கினா திட்டுறாங்க. ஒரே ஒரு கட்டம்ங்க. நடுவுல ஒண்ணும் கெடையாது, அரைச் சிரிப்புக்கு எடமே இல்ல. அரை மணி நேரம் அந்த ஒரு கட்டத்தை அழிச்சு அழிச்சு தாளே பஞ்சாயிடுச்சு. கடைசியில திட்டுற பக்கம்தான் வச்சேன், அதான் உண்மை.

கலருக்கு வருவோம். மொதல் படத்துல பிரிண்டைப் பாத்து அறுபது எழுபது ஷேடு கலக்கிருப்பேன், ஒவ்வொண்ணையும் கலந்து முடிக்கறதுக்குள்ள முன்னாடி கலந்தது காஞ்சிடும். ரெண்டாவதுக்குப் பன்னெண்டு கலர், அதுக்கு மேல ஒண்ணு கூட கெடையாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டேன். ஓட்டல்ல பார்சல் வாங்கினா சட்னி சாம்பார் குடுக்குறானே, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதைக் கழுவி எடுத்து வச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் கலந்து மேல மார்க்கர்ல 1லேர்ந்து 12 வரைக்கும் நம்பர் போட்டேன். கிராஃப் ஷீட்லயும் அதே நம்பர். இட்லிக்குக் கூட இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது.

வேலைல சில விஷயம் அடிபட்டுக் கத்துக்கிட்டேன், யாராவது செஞ்சு பாக்கறதா இருந்தா உதவும். தாளோட கனம் 300 ஜிஎஸ்எம்க்குக் கொறையக் கூடாது, சாதா சார்ட்ல போட்டா நாப்பது கட்டம் தாண்டறதுக்குள்ள அப்பளம் மாதிரி சுருண்டுக்கும். கட்டம் போட ஹெச்பி பென்சில் போதும், கையை அமுக்காம. நான் புத்திசாலித்தனமா 2ஹெச் எடுத்து அமுக்கிப் போட்டேன், அது தாள்ல வாய்க்கால் வெட்டிருச்சு, பெயிண்ட் அது வழியா ஓடிப் பக்கத்து வீட்டுக்குப் போகுது. மஞ்சளும் வெள்ளையும் வர்ற எடத்துல பென்சில் கோட்டை முன்னாடியே ரப்பரால ஒத்தி எடுத்துடணும், இல்லாட்டி மஞ்சள் பாசி பிடிச்ச மாதிரி ஆகும். அப்புறம் வரிசையா நிரப்பாதீங்க. பக்கத்துப் பக்கத்துக் கட்டம் ரெண்டும் ஈரமா இருந்தா ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். சதுரங்கப் பலகை மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டு, காஞ்சதுக்கப்புறம் விட்டதை நிரப்பணும். மதுரை மே மாச வெயில்ல காயறதுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகாது. மாஸ்கிங் டேப் ஒட்டி ஓரம் கூர்மையா எடுக்கலாம்னு ஒரு யோசனை வரும், எனக்கும் வந்துச்சு, டேப்பை உரிச்சப்ப தாளோட மேல்தோலும் சேந்து வந்துருச்சு, அப்பத்தா நெத்தியில ரெண்டு கட்டம். விபூதிப் பட்டைன்னு சமாளிச்சுட்டேன்.

பெரிய துரோகம் பண்ணது அஞ்சாம் நம்பர் டப்பா. கன்னத்தோட நடுக் கலரு, அதுதான் நெறைய வேணும், அதையே கொறைச்சுக் கலந்து வச்சிருக்கேன். முக்கால்வாசியில தீந்து போச்சு. மறுபடி கலந்தேன், ஈரத்துல பாத்தா அச்சு அசல் அதே கலரு. காஞ்சதும் வேற. போஸ்டர் கலர்ல அந்தச் சனியன் இருக்கு, இருட்டுக் கலரெல்லாம் காஞ்சா கொஞ்சம் வெளுக்கும், வெளிர் கலரெல்லாம் கொஞ்சம் இருளும், ஈரமா இருக்கறப்ப நம்பவே முடியாது. மூணு தடவை கலந்தும் ஒக்கல. இடது கன்னத்துல இப்பவும் ஒன்பது கட்டம் ஒரு மாதிரி தனியா நிக்குது. எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனைச்சேன்.

முடிச்சுப் பக்கத்துல நின்னு பாத்தா வெறும் கட்டம்தான், அரை மணி நேரம் உத்துப் பாத்தாலும் ஆள் வராது. கண்ணை இடுக்கிப் பாத்தா டக்குனு வந்துருது. இது ஏன்னு 1973லயே ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆராய்ச்சிக் கூடத்துல லியான் ஹார்மன்னு ஒருத்தர், லிங்கன் முகத்தைச் சில நூறு கட்டத்துக்குள்ள சுருக்கிக் காட்டினாரு. கட்டத்தோட ஓரங்கள் இருக்கே, அந்தக் கூர்மையான விளிம்பு, அதுதான் கண்ணைப் பிடிச்சு இழுத்து முகத்தை மறைக்குது. கண்ணை இடுக்கினாலோ தள்ளி நின்னாலோ விளிம்பு மங்கிடும், முகம் வெளிய வந்துரும். அதாவது தகவல் கூடறதால இல்ல, கொறையறதாலதான் தெரியுது. கொஞ்சம் கிறுக்குத்தனமா இருக்குல்ல. அந்த லிங்கனைப் பாத்துட்டுத்தான் ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி 1976ல ஒரு பெரிய ஓவியம் போட்டாரு, கிட்ட நின்னா அவரு மனைவி காலா ஜன்னல் வழியா கடலப் பாக்குறாங்க, 20 மீட்டர் தள்ளிப் போனா லிங்கன். எங்க வீட்டு ஹால் மொத்தமே நாலு மீட்டர், நமக்குக் கண்ணை இடுக்கறதுதான் வழி. போன் கேமராவுல பாத்தாலும் தெரியும், சின்னதாயிடுதுல்ல.

கட்டத்துல முகம் வரைஞ்சவங்கள்ல என்னை ரொம்ப நாள் யோசிக்க வச்சது சக் க்ளோஸ். அமெரிக்காக்காரர், ராட்சச சைஸ்ல முகம் முகமா வரைஞ்சவர். 1988ல முதுகுத்தண்டு ரத்தக் குழாய்ல பிரச்சினை ஆகி உடம்பு செயலிழந்து போச்சு, அப்புறம் கையில பிரஷ்ஷைக் கட்டிக்கிட்டு வரைஞ்சாரு. அவரோட பின்னாடி வந்த படங்கள்ல ஒரு கட்டத்துக்கு ஒரு கலர்னு கெடையாது, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் வளையம் வளையமா, ஆரஞ்சுக்குள்ள நீலம், நீலத்துக்குள்ள பச்சைன்னு இருக்கும், கிட்டப் போனா லட்டு லட்டா தெரியும், தள்ளி நின்னா தோல் கலரு. இதுல ஆச்சரியம் என்னன்னா அவருக்கு முகம் ஞாபகம் வச்சுக்க முடியாத குறை இருந்துச்சாம், நேர்ல பாத்த ஆளை மறுபடி பாத்தா அடையாளம் தெரியாது, தட்டையா போட்டோ ஆக்கிட்டா மனசுல நிக்கும்னு சொல்லிருக்காரு. நான் அவரு மாதிரி ஒரு கட்டத்துக்குள்ள ரெண்டு கலர் வச்சுப் பாத்தேன், சேலைல மட்டும். முகத்துல செஞ்சா அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. அதுக்கெல்லாம் ராட்சச சைஸ் வேணும் போல.

சேலைன்னதும் சொல்லணும், அதுதான் இருக்கறதுலயே சுலபமா முடிஞ்ச எடம். அரக்குக் கலர் சுங்குடி. சுங்குடியே புள்ளி புள்ளியாத்தான இருக்கும். ஒண்ணு விட்டு ஒண்ணு வெள்ளைக் கட்டம் வச்சா முடிஞ்சுது. பிக்சல் ஆட்கள் ரெண்டு கலரைச் சதுரங்கம் மாதிரி மாத்தி மாத்தி வச்சு மூணாவது கலரை ஏமாத்திக் காட்டுவாங்க, டிதரிங்னு சொல்றது, அப்பத்தா அதை உடுத்திக்கிட்டே நின்னிருக்காங்க.

புள்ளின்னதும் எல்லாரும் ஓடி வந்து கோலத்தைச் சொல்லுவாங்க. நான் இந்தப் படத்தைக் காட்டின பத்துல எட்டு பேர் "நம்ம கோலம்தான் மொதல் பிக்சல் ஆர்ட்"னு சொல்லிட்டாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. புள்ளிக்கோலத்துல புள்ளி படம் இல்ல, புள்ளி ஒரு அட்ரஸ். சிக்குக் கோலத்துல கோடு புள்ளியத் தொடாம அதைச் சுத்திக்கிட்டுப் போகும், நல்லா போட்ட கோலத்துல வளைவுதான் கண்ணுக்குத் தெரியும். பிக்சல்ல வளைவே கெடையாது. சம்பந்தம் வேற எடத்துல இருக்கு. கோலத்துக்குப் பின்னாடி விதி இருக்கு, வரிசை வரிசையா எழுதி வைக்கக்கூடிய விதி. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974லயே கோலத்தைக் கம்ப்யூட்டர் மொழியோட இலக்கணம் மாதிரி எழுதிக் காட்டி, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆராய்ச்சி இதழ்ல கட்டுரையா போட்டாங்க. நம்ம வாசல்ல இருக்கறது பிக்சல் இல்ல, புரோகிராம். அதுக்கு இன்னும் பெருமைப்படலாம், ஆனா யாரும் அதைச் சொல்றதில்ல.

பிக்சலுக்கு நெஜமான சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள வேற ரெண்டு மூணு இருக்கு. வயர் கூடை. ஒரு முடிச்சு ஒரு கட்டம், முடிச்சுக்குப் பாதிக் கலர் கெடையாது. காஞ்சிபுரத்துத் தறியில ஜக்கார்டு அட்டை, ஓட்டை இருந்தா நூல் தூக்கும் இல்லாட்டித் தூக்காது, அந்த அட்டை அடிக்கறதுக்கு முன்னாடி மயிலும் யாளியும் கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா நிரப்பித்தான் வைப்பாங்க. அப்புறம் சினிமா பேனர் வரைஞ்ச ஆட்கள். ஸ்டில் போட்டோ மேல கட்டம் போட்டு, பேனர்லயும் அதே எண்ணிக்கைக்குக் கட்டம் போட்டு, கட்டம் கட்டமா பெரிசாக்குவாங்க. என்ன, அவங்க முடிச்சதும் கட்டத்தை மறைச்சுருவாங்க, அது அவங்களுக்குச் சாரம், கட்டடம் முடிஞ்சா பிரிச்சுடணும். நான் பண்றது சாரத்தைப் பிரிக்காம அதுலயே குடித்தனம் நடத்துற வேலை.

பிக்சல் சதுரமா இருக்கறதே ஒரு தற்செயல்தான்ங்கிறது இன்னொரு கூத்து. 1957ல ரஸ்ஸல் கிர்ஷ்னு ஒருத்தர் தன்னோட மூணு மாசக் கொழந்தை போட்டோவை ஸ்கேன் பண்ணி மொத மொதல்ல கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினாரு, 176க்கு 176 கட்டம். சதுரமா இருந்தது அப்போ வசதியா இருந்துச்சு, அவ்ளோதான். வயசான காலத்துல அதுக்காக வருத்தப்பட்டு, சதுரம் இல்லாத துண்டுகளால படத்தை ஒட்டவைக்கிற வழி ஒண்ணைச் செஞ்சு பாத்தாரு. ஆல்வி ரே ஸ்மித்துன்னு இன்னொருத்தர் 1995ல பிக்சல்ங்கிறது குட்டிச் சதுரமே இல்லைன்னு தலைப்புலயே சண்டை போட்டு ஒரு குறிப்பு எழுதினாரு, அது ஒரு புள்ளியில எடுத்த அளவு மட்டும்தான்னு. சரிதான், ஸ்க்ரீனுக்கு. என் தாள்ல அது சதுரம்தான், அதுவும் ஒழுங்கான சதுரம் கூட இல்ல. ஒவ்வொண்ணும் பிரஷ் எறங்குன பக்கம் கொஞ்சம் தடிப்பு, தூக்குன பக்கம் கொஞ்சம் பிசிறு. அந்தப் பிசிறைத் திருத்தணும்னு மொதல் படத்துல ஸ்கேல் வச்சு மல்லுக்கட்டினேன், ரெண்டாவதுல விட்டுட்டேன். விட்டது நல்லதாப் போச்சு, வெயில் சாயும்போது அந்தத் தடிப்புல வெளிச்சம் பட்டு கட்டமெல்லாம் லேசா அசையற மாதிரி இருக்கும். பிரிண்ட்ல இது வரவே வராது.

அப்பத்தாவுக்கு அப்புறம் சின்ன சைஸ்ல இலஸ்ட்ரேஷன் போட ஆரம்பிச்சேன், ஏ5 தாள், அரை சென்டிமீட்டர் கட்டம், தெருக் காட்சிங்க. ஆட்டோ அருமையா வந்துச்சு. காக்கா ஒன்பது கட்டத்துல வந்துருச்சு, கழுத்துல ஒரு கட்டம் சாம்பல் வச்சா வீட்டுக் காக்கா, வைக்கலைன்னா அண்டங்காக்கா. தென்னை மரம் வரவே இல்ல, எப்படிப் போட்டாலும் ஃபேன் மாதிரி நிக்குது. இட்லிக்கு அகலம் ஏழு கட்டம் வச்சா வட்டம், எட்டு வச்சா டிபன் பாக்ஸ், ஏன்னு இன்னும் பிடிபடல.

மாட்டிக்கிட்டது டவுன் பஸ்ஸுல. பஸ் நல்லாத்தான் வந்துச்சு, பெட்டிதான அது. முன்னாடி போர்டுல ஊர் பேரு எழுதணும். இங்கிலீஷ் எழுத்துன்னா அகலத்துக்கு அஞ்சு கட்டம் உயரத்துக்கு ஏழு கட்டம் போதும், எல்லா எழுத்தும் அடங்கிரும். தமிழுக்கு? சுழின்னு ஒண்ணு இருக்கே. சுழி சுழியா தெரியணும்னா நடுவுல ஒரு கட்டமாவது காலியா இருக்கணும், அதைச் சுத்திக் கோடு, அப்போ ஒரு சுழிக்கே மூணுக்கு மூணு. ரெண்டு சுழி ன எப்படியோ அடக்கிட்டேன். மூணு சுழி ண அகலம் பத்தல. ஒரு சுழியக் கொறைச்சா பஸ் அன்னா நகர் போகுது. அண்ணா நகர் போகவைக்கணும்னா போர்டைப் பெரிசாக்கணும், போர்டைப் பெரிசாக்கினா டிரைவருக்குக் கண்ணாடி இல்ல. ணா-வுக்குக் கால் வேற இருக்கு. ழகரத்தைப் பத்திப் பேசவே வேணாம், அந்த வாலு எங்க போய் முடியறதுன்னு தெரியாம அடுத்த வரிசைக்கு எறங்கிருச்சு. ரெண்டு நாள் மண்டையக் கொடைஞ்சுட்டு, சுழியில ஓட்டையே வைக்காம மூணு பொட்டா அடைச்சு, பொட்டுக்கு நடுவுல ஒரு கட்டம் இடைவெளி விட்டுப் பாத்தேன். பக்கத்துல பாத்தா எழுத்தே இல்ல, மூணு எறும்பு வரிசையா போகுது. கண்ணை இடுக்கினா ண. எந்தச் சுழி முக்கியம், எது சும்மா ஒப்புக்குன்னு பாக்க வச்சுதே, அதுக்காகவே அந்தப் பஸ்ஸை ஃபிரேம் போட்டு வச்சிருக்கேன். மூணாங்கிளாஸ்ல மூணு சுழி ரெண்டு சுழின்னு டீச்சர்கிட்ட கொட்டு வாங்கினப்ப கூட நான் இவ்ளோ நேரம் அந்த எழுத்தைப் பாத்ததில்ல.

இப்போ கிளி. எங்க ஹால்ல டிவிக்கு மேல, மேட்டி துணியில கிராஸ் ஸ்டிச்சால போட்ட ஒரு பச்சைக்கிளி தொங்குது, கண்ணாடி ஃபிரேம் போட்டு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது. ஒரு எக்ஸ் தையல் ஒரு கட்டம். இத்தனை வருஷம் அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டிருக்கேன், அதை ஒரு படம்னே நெனைச்சதில்ல. ரெண்டாவது அப்பத்தாவ முடிச்சு அதுக்குப் பக்கத்துல சாய்ச்சு வச்சேன். அம்மா அடுப்படியிலேர்ந்து வந்தவங்க நெலைப்படியிலயே நின்னுட்டாங்க, "அத்தை எதுக்கு என்னையே மொறைக்கிறாங்க"ன்னாங்க. அப்புறம் கிட்ட வந்து மூக்குத்தியைத் தொட்டுப் பாத்து, "இவ்ளோ பெரிய மூக்குத்தி போட்டிருந்தா மூக்கு அறுந்திருக்கும்"னு சொன்னாங்க. அதோட விட்டாங்களா, இடது கன்னத்துல வெரலை வச்சு, "இங்க ஏன் கலர் மாறிருக்கு?"

அஞ்சாம் நம்பர் டப்பா கதையச் சொன்னேன். கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் கிளி ஃபிரேமை எறக்கி, முந்தானையால கண்ணாடியத் தொடச்சு என் கையில குடுத்தாங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா, ரெக்கைக்குக் கீழ வாலு தொடங்குற எடத்துலேர்ந்து பச்சை வேற பச்சை. கொஞ்சம் மஞ்சப் பச்சை. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட நான் பாக்கல.

"நூல் தீந்து போச்சு"ன்னாங்க. "கடையில அந்த நம்பர் இல்லைன்னுட்டான். எங்கம்மா அதையே ஒரு மாசம் சொல்லிக் காட்டுனாங்க."